பொத்தான் பெட்டிக்கு இருபத்தொரு பவுண்

ஏலத்தில் கையைத் தூக்க வெட்கப்படுகிறவன் ஏலத்துக்கே போகக் கூடாது. நான் ஏழு வருடம் விடாமல் போனேன்.

எண்பதுகளில் நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தோம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ரயில் பாலத்தை ஒட்டி, முன்பு பில்லியர்ட்ஸ் விளையாடிய மண்டபம் ஒன்று இருந்தது. அங்கே வியாழக்கிழமைதோறும் செத்தவர்களின் வீட்டுச் சாமான் ஏலம் போகும். தனியாக இருந்த கிழவரோ கிழவியோ கண்ணை மூடினால் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து விற்க வேண்டும். கட்டில், அலுமாரி, கோப்பை, கம்பளம், பொய்ப்பல் போட்டுவைக்கும் கிண்ணம் வரை எல்லாம் அந்த மண்டபத்துக்கு வந்து சேரும். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். புதன்கிழமை போய்த் தொட்டுப் பார்க்கலாம். வியாழன் காலை ஏலம். எனக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்ட். இரண்டு மணிக்கு முடிந்துவிடும். வியாழன் ஓய்வு நாள். அந்த ஏலத்தை எனக்காகவே வைத்தது போல இருந்தது.

முதல்முறை போனது ஓர் இழுப்பறைப் பெட்டி வாங்க. நாட்டிலிருந்து வந்த புதிது, உடுப்பு வைக்க ஒன்றும் இல்லை. நாலு பவுணுக்கு விழுந்தது. கை தூக்கியது என் மனைவி. வீட்டுக்குக் கொண்டுவந்து, அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளை இழுத்தேன். ஒரு வெள்ளிக் காசு உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. முக்காடு போட்ட கிழவியாக விக்டோரியா மகாராணி. மனைவி அதைக் கழுவித் துடைத்து, சாமிப் படத்தடியில் வைக்கட்டுமா என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த நோய்தான்.

அதன் பிறகு நான் தளபாடம் பார்ப்பதில்லை. புகையிலைத் தகரம், பிஸ்கற் தகரம், பழைய கைப்பை, தொப்பிப் பெட்டி, இவற்றைத்தான் கிண்டுவேன். வெள்ளைக்காரக் கிழவிகள் எங்கெல்லாம் காசை ஒளிப்பார்கள் என்று அவர்களின் சொந்தப் பிள்ளைகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை தேநீர்க் கேத்தலைச் சூடாக வைக்கும் கம்பளிக் குல்லாய்க்குள் நாலு வெள்ளிக் காசு தைத்திருந்தது. இன்னொருமுறை சுவர்க்கடிகாரத்தின் வயிற்றுக்குள்.

ஆனால் கை தூக்க முடியாது. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நான் பார்த்த தகரத்தின் இலக்கத்தை ஏலக்காரர் கூப்பிடும்போது நெஞ்சு அடிக்கும், காது சூடாகும், கை மட்டும் தொடையில் கிடக்கும். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற நினைப்பு. சுத்தியல் விழும். சாமான் வேறு யாருக்கோ போகும்.

என்னைக் காப்பாற்றியது மண்டபத்தின் ஒரு வழக்கம். வர முடியாதவர்கள் புதனன்றே அலுவலக அறையில் ஒரு துண்டில் இலக்கத்தையும், ஆகக்கூடக் கொடுக்கக்கூடிய தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர்களுக்காக ஏலக்காரர் கேட்பார். நான் வரக்கூடியவன். இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பின்வரிசையில் ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பேன். அலுவலக அறையில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு கிழவி இருந்தா. துண்டை வாங்கி ஆணியில் குத்திவிட்டு, அதே கையால் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்ப்பா.

எழுதும்போது நான் ஒருநாளும் வெறும் பத்து, வெறும் இருபது என்று எழுதியதில்லை. நல்ல காரியத்துக்குக் காசு எடுத்தால் மேலே ஒன்று வைப்பதுதானே எங்கள் பழக்கம். கலியாண வீட்டு உறைக்குள்கூட நூற்றொன்றுதான் போகும். பூச்சியத்தில் நிறுத்த மனம் வராது. ஆகவே பதினொன்று, இருபத்தொன்று, முப்பத்தொன்று. யோசித்துச் செய்த தந்திரம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரர் எல்லோரும் பத்து, இருபது, முப்பது என்று எழுதினார்கள். நான் ஒரு பவுணால் வென்றுகொண்டே இருந்தேன்.

மண்டபத்தில் இரண்டு காசு வியாபாரிகள் உண்டு. ஒருவர் தொப்பி, மற்றவர் கழுத்தில் நூலில் கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. எனக்கு ஏதோ வித்தை தெரியும் என்று இருவரும் நம்பத் தொடங்கினார்கள். புதன்கிழமைகளில் நான் எதைத் தொடுகிறேன் என்று பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்கள். வாய் திறந்து பேசினால்தானே எனக்கு வெட்கம். விளையாட்டுக் காட்ட வாய் தேவையில்லை. ஒரு புதன்கிழமை துருப்பிடித்த கிளிக்கூடு ஒன்றின் முன்னால் கால் மணித்தியாலம் நின்றேன். அடித்தட்டை விரலால் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு ஒரு கடதாசியில் ஏதோ குறித்தேன். குறித்தது வாங்க வேண்டிய மரக்கறி. அடுத்தநாள் தொப்பியும் கண்ணாடியும் அந்தக் கூட்டுக்குச் சண்டை பிடித்தார்கள். பதினெட்டுப் பவுணுக்குத் தொப்பிக்காரர் எடுத்தார். வெளியே வாசலில் வைத்து அதன் அடித்தட்டைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தார். நான் குளிருக்குப் பொத்துவது போல வாயைப் பொத்திக்கொண்டு கடந்து போனேன்.

இப்படிச் சிரித்த எனக்கு ஒரு நவம்பர் புதனன்று வந்தது வினை.

நூற்றுப் பன்னிரண்டாம் இலக்கம் ஒரு பிஸ்கற் தகரம். உள்ளே வெளிநாட்டுக் காசுகள். நடுவில் ஓட்டை போட்ட ஆபிரிக்கக் காசு, இந்திய அணா, எங்கள் நாட்டுப் பழைய சதங்கள். செத்தவர் கப்பலில் வேலை செய்தவராக இருக்கும். அடியில் கறுத்த செப்புத் துண்டு ஒன்று, வட்டமாகவும் இல்லை. பெருவிரலால் தேய்த்தேன். ஒரு மாடு படுத்திருந்தது. அதன் மேலே பிறை. கீழே இரண்டு எழுத்து.

சேது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசர்கள் அடித்த காசு. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் நகத்தளவு படம் பார்த்திருக்கிறேன். நான் படித்தது கொஞ்சம். அதில் மறக்காமல் இருந்த கொஞ்சத்தில் அந்தப் படமும் ஒன்று. ஊரில் இருந்தவரை அப்படி ஒரு காசைக் கண்ணால் கண்டதில்லை. காண்பதற்கு ஃபாரஸ்ட் கேட்டுக்கு வர வேண்டியிருந்தது. மண்டபத்தில் அப்போது முப்பது பேராவது இருந்திருப்பார்கள், அந்த இரண்டு எழுத்தை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன். விலை பேசினால் பெரிதாக ஒன்றும் பெறாது. ஆனால் அது எனக்கு வேண்டும். அதைப்போல் ஒன்றை நான் அதற்கு முன் விரும்பியதில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

கண்ணாடிக்காரர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். வெளிநாட்டுக் காசென்றால் அவர் விடமாட்டார். அந்தத் தகரத்துக்கு எவ்வளவு போனாலும் கேட்பார், என்னால் அவரோடு முட்ட ஏலாது. பக்கத்தில் நூற்றுப் பதின்மூன்றாம் இலக்கம், தையல் சாமான் பெட்டி. பொத்தான், நூல்கட்டை, கொளுக்கி, ஊசி. அதை ஒருவரும் தொடமாட்டார்கள்.

காசை எடுத்துப் பொத்தான்களுக்குள் விட்டேன்.

கை தானாகச் செய்தது என்று எழுதப் பார்க்கிறேன். கை தானாக ஒன்றும் செய்யாது. நான்தான் செய்தேன். அது களவு இல்லை, மண்டபத்தை விட்டு வெளியே கொண்டுபோகவில்லையே என்று அப்போது சமாதானம் சொன்னேன். பிறகு அலுவலக அறைக்குப் போய் நூற்றுப் பதின்மூன்றுக்கு இருபத்தொரு பவுண் என்று எழுதிக் கொடுத்தேன். பொத்தான் பெட்டி மூன்று பவுணுக்கு மேல் போகாது. ஆனாலும் பயம். கிழவி துண்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிஸ்கற்றைத் தோய்க்க மறந்தா.

வியாழக்கிழமை நூற்றுப் பன்னிரண்டைக் கண்ணாடிக்காரர் எடுத்தார். அடுத்தது என்னுடையது.

“தையல் பெட்டி. எழுதி வந்ததில் இருபத்தொரு பவுண் இருக்கிறது,” என்றார் ஏலக்காரர். மண்டபம் சிரித்தது. மூன்று நாலில் தொடங்கி மெல்ல ஏறாமல் ஏன் ஒரேயடியாக இருபத்தொன்று சொல்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. சுத்தியல் விழுந்தது. நான் எழும்பி, நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாமல், இருபத்தொரு பவுணைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனேன்.

“இது உனக்கில்லை,” என்றா கிழவி.

“எனது இருபத்தொரு பவுண்...”

“அவவுடையதும் இருபத்தொரு பவுண். இரண்டு பேர் ஒரே தொகை எழுதினால் முந்தி எழுதினவருக்கு. அவ காலையில் எழுதினவ. நீ பின்னேரம்.” ஆணியிலிருந்து இரண்டு துண்டையும் கழற்றி மேசையில் வைத்தா. “இத்தனை வருடத்தில் உன்னைத் தவிர ஒருவரும் இருபத்தொன்று என்று எழுதியதில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது விளையாடுகிறீர்களா?”

மற்றத் துண்டின் தலையில் சின்னதாய் ஒரு பிள்ளையார் சுழி. ஏழு வருடம் வெள்ளைக்காரரை அடித்த பிரம்பால் எங்கள் ஆள் ஒருவர் என்னை அடித்துவிட்டா.

எதிரே பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். மூன்று பஸ் போனது. நாலாவது பஸ்ஸில், சாறிக்கு மேலே ஆண்கள் போடும் பெரிய குளிர்க்கோட்டு, கையில் சில்லு வைத்த பை, தையல் அக்கா வந்து இறங்கினா. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேருக்குச் சாறிச் சட்டை தைப்பவ. பலசரக்குக் கடைக் கண்ணாடியில் அவவின் விளம்பரத் துண்டு வருடக் கணக்காக ஒட்டியிருக்கும். உள்ளே போய் என் பெட்டியைப் பையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தா. ஓடிப்போய், அக்கா, அதற்குள் ஒரு செப்புக் காசு இருக்கும், தாருங்கோ என்று சொல்லியிருக்கலாம். அது எப்படி அதற்குள் போனது என்று கேட்பாவே. நான் பஸ் அட்டவணையை வாசித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் மெல்லத் தொடங்கினேன்.

“இஞ்சாரும், அந்தப் பச்சைச் சாறிக்கு ஒரு புதுச் சட்டை தைப்பிச்சால் என்ன?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “இஞ்சாருங்கோ, கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். ஒருநாள் எண்டாலும் என்ரை சட்டையைப் பற்றிக் கதைச்சிருக்கிறியளே?”

“இல்லை... பழையது கொஞ்சம் இறுக்கமாக் கிடக்குமாப் போலை...”

“அப்ப நான் கொழுத்திட்டன் எண்டு சொல்லுறியள்.”

அதைச் சரிக்கட்ட இரண்டு சட்டைக்குத் துணி வாங்க வேண்டி வந்தது. சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அதுவும் அவளுக்குப் புதினம்.

தையல் அக்காவின் முன்னறையில் மெஷின், துணிக் குவியல், மூலையில் எரிவாயு ஹீற்றர். தட்டின் மேலே என் பெட்டி.

“இருங்கோ தம்பி,” என்றா. “இந்தக் கத்திரிக்கோலைப் பாருங்கோ. பழைய இரும்பு. வழுக்கிக்கொண்டு போகுது. செத்த வெள்ளைக்காரியின்ரை. ஏலத்திலை எடுத்தனான்.”

கத்திரிக்கோல்! பெட்டிக்குள் அது கிடந்தது எனக்கு ஞாபகமே இல்லை. காசைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

“எவ்வளவுக்கு அக்கா எடுத்தனீங்கள்?” மனைவி கேட்டாள்.

“அதைக் கேளாதை பிள்ளை, வயிறு எரியுது. மூண்டு பவுணுக்கு வரவேண்டிய சாமான். ஒரு எல்லைக்குக் கிடக்கட்டும் எண்டு இருபத்தொண்டு எழுதினனான். ஆரோ ஒரு பேயன் எனக்குப் போட்டியா அவனும் இருபத்தொண்டு எழுதி வைச்சிருக்கிறான். தெறிப் பெட்டிக்கு! அந்தப் பேயன் இல்லாட்டி மூண்டோடை தந்திருப்பாங்கள்.”

“வெள்ளைக்காரருக்கையும் விசரர் இருக்கினம்தானே அக்கா.”

“விசரன் எண்டால் சும்மா விசரனே? கையிலை கிடைச்சால் இந்தக் கத்திரிக்கோலாலைதான்...”

சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் அந்த மாதத்து நல்ல நேரம் முழுவதையும் நான் படித்து முடித்தேன்.

பெட்டியைத் தொட அன்று வழி வரவில்லை. திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டும். சட்டை தைக்க இனிக் காசில்லை. ஆகவே என் சேர்ட்டிலிருந்து ஒரு பொத்தானை நானே வெட்டினேன். அதற்கு மனைவியே நூல் எடுத்துத் தைத்துவிட்டாள். அடுத்த சேர்ட்டில் இரண்டு வெட்டினேன். வெட்டிய பொத்தானைக் குப்பைக்குள்ளும் போட்டேன்.

“இந்த வீட்டுக்கை எலி ஏதும் திரியுதே?” என்றாள். “உங்கடை சேர்ட்டிலை மட்டும் தெறி இல்லை. போங்கோ, அந்த அக்காட்டை ஒரே மாதிரி நாலு வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அப்படித்தான் கடைசியில் அந்தப் பெட்டி என் மடிக்கு வந்தது. தையல் அக்கா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தா. நான் கையை அடிவரை விட்டுத் துழாவினேன். ஒருமுறை, இருமுறை. ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன்.

“என்ன தம்பி, வெள்ளைத் தெறிதானே? மேலையே நாப்பது கிடக்கு.”

“தேடுறன் அக்கா.” இன்னும் ஒருமுறை துழாவினேன். இல்லை. “இதுக்குள்ளை காசு கீசு ஏதும் கிடக்கேல்லையோ?”

மெஷின் நின்றது.

“கிடந்தது. பழைய பென்னி ஆறு. நெளிஞ்ச செப்புத் துண்டு ஒண்டு. ஏன்?”

“சும்மாதான்.”

“கோயில் திரைக்கு வைச்சுத் தைச்சிட்டன். மெல்லிய பட்டுத் திரை. அந்த ஹோலிலை காத்தடிக்கிற ஹீற்றரைப் போட்டால் எழும்பிப் பறக்குது. அலங்காரம் முடிய முன்னம் சாமி தெரியுது எண்டு ஐயர் ஒரே புறுபுறுப்பு. அடியிலை பாரம் வைச்சுத் தாங்கோ எண்டவர். ஆக்கள் ஈயக்கட்டி வாங்கி வைப்பினம். சும்மா கிடக்கிற காசு இருக்கேக்கை நான் ஏன் வாங்கிறன்? இந்தப் பக்கம் மூண்டு பென்னி, அந்தப் பக்கம் மூண்டு. நடுவிலை அந்தத் துண்டு. இப்ப ஆடாமல் அசையாமல் நிக்குது.”

நாலு பொத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். வெள்ளை கேட்டுப் போனவன் பழுப்பு வாங்கி வந்ததை வீட்டில்தான் கண்டேன்.

எங்கள் கோயில் அப்போது ஒரு தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி போவாள். நான் வாசலில் சப்பாத்துகளுக்குக் காவல் நிற்பது போல நிற்பேன். இனி அப்படி இல்லை. முதல் வரிசைக்குப் போனேன். சிவப்புத் திரை மூடியிருக்கும். மணி அடிக்கும், எல்லோரும் திரை விலகும் இடத்தைப் பார்த்துக் கை குவிப்பார்கள். நான் கீழே பார்த்தபடி குவிப்பேன். தங்கக் கரைக்கு மேலே ஏழு மேடு. நாலாவது மேடு மற்றவற்றைவிடச் சின்னது. அரோகரா என்று எல்லோரும் கூப்பிடும்போது நானும் கூப்பிட்டேன். எதை நினைத்துக் கூப்பிட்டேன் என்று முருகனுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை கோயில் துப்புரவு செய்ய ஆள் கேட்டார்கள். நகம் வெட்டும் கத்திரியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். திரையை ஐயரைத் தவிர ஒருவரும் தொடக் கூடாது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நான் கழிவறை கழுவிவிட்டு வந்தேன்.

ஆடி மாதத்துத் திருவிழா முடிவில் கோயிலில் ஓர் ஏலம் உண்டு. அம்மனுக்கு உடுத்திய சாறி, சாமிக்கு வைத்த மாம்பழம், மாலை எல்லாம் ஏலத்தில் போகும். வருகிற காசு கோயிலுக்கு. அந்த வருடம் ஒரு குடும்பம் புதுத் திரை கொடுத்தது. பழைய திரை ஏலத்துக்கு வருகிறது என்று மனைவி சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு நேரத்தோடு போய்க் காரியதரிசியைத் தனியாகப் பிடித்தேன். வேட்டி மடிப்புக் கலையாத, ஒலிவாங்கியைக் கண்டால் விடாத மனிதர்.

“ஏலத்துக்கு... ஒரு துண்டிலை எழுதித் தரலாமோ?”

“என்னத்தை எழுதுறது? ஏலம் எண்டால் வாயாலை கூப்பிடுறது அண்ணை. சாமி காரியத்துக்கு என்ன வெக்கம்?”

பின்னால் போய் நின்றேன். சாறிகள் போயின. மாம்பழம் ஒன்று முப்பத்தொரு பவுணுக்குப் போனது. அங்கே எல்லோருமே ஒன்றில் முடித்தார்கள். ஏழு வருடம் என்னைத் தூக்கிவிட்ட அந்த ஒரு பவுணுக்கு இந்த மண்டபத்தில் ஒரு மரியாதையும் இல்லை.

“இப்ப திரை!” காரியதரிசி மடித்த திரையைத் தலைக்கு மேலே தூக்கினார். “ஒரு வருசம் முருகனுக்கு முன்னாலை நிண்ட திரை. பதினொண்டு ஆர் கேக்கிறியள்? என்ன, எல்லாரும் பேர்ஸைக் காருக்கை விட்டிட்டே வந்தனியள்?”

“இருபத்தொண்டு!” முன்வரிசையில் ஒருவர். கிங்ஸ்பரியில் புதுவீடு வாங்கியவர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

“கிங்ஸ்பரி அண்ணை இருபத்தொண்டு! அவ்வளவு தூரத்தாலை வந்து கேக்கிறார். இஞ்சத்தை ஆக்கள் நித்திரையோ?”

யாரோ முப்பத்தொன்று என்றார்கள். கிங்ஸ்பரிக்காரர் ஐம்பத்தொன்று என்றார். என் கை எழும்பியது. ஏழு வருடத்தில் முதல்தடவை. தோளுக்கு மேலேயே எழும்பியது.

“பின்னுக்கு ஒருத்தர் கை தூக்குறார்,” என்றார் காரியதரிசி. “அண்ணை, சாப்பாடு ஏலம் முடிஞ்சாப் பிறகுதான்.”

மண்டபம் முழுவதும் திரும்பிச் சிரித்தது. நான் இத்தனை காலம் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்தது, கடைசி ஆள் வரை. கையைக் கீழே போட்டேன்.

“ஐம்பத்தொண்டு ஒருதரம். ஐம்பத்தொண்டு ரெண்டுதரம்...”

“நூற்றொண்டு!”

அது என் குரல் என்று எனக்கே தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. கழுத்து நரம்பு வலித்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கிங்ஸ்பரிக்காரர் திரும்பி என்னைப் பார்த்து, இந்த மனிதருக்கு என்ன கஷ்டமோ என்பது போலக் கும்பிட்டார். பெண்கள் பக்கம் மனைவி எழும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் தையல் அக்கா சாறித் தலைப்பால் வாயைப் பொத்தினா.

வீட்டுக்கு வரும்வழி முழுவதும் மனைவி திரையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வாசல் கதவுப் பூட்டில் திறப்பைப் போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஏதேனும் நேத்தி வைச்சனீங்களோ?”

நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

“சரி. நேத்தியைக் கேக்கப்படாது,” என்று தானே சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

நூற்றொரு பவுணுக்கு ஏச்சு வாங்கத் தயாராகப் போனவன் நான். ஏச்சு விழுந்திருந்தால் அந்தச் சூட்டிலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். அழுதவளிடம் என்ன சொல்வது?

சுடுநீர்த் தாங்கிக்கு மேலே இருந்த அலுமாரிதான் எங்கள் சாமியறை. அதற்குத் திரை கட்ட வேண்டும் என்றாள். திரையின் நீளம் அதிகம். யாராவது வெட்டிக் குறைக்க வேண்டும். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடியில் வெட்டினால் மடிப்பு என் கைக்கு வந்துவிடும், ஏழு காசோடும்.

தையல் அக்கா அளவுநாடாவோடு வந்தா. கூடவே அந்தக் கத்திரிக்கோல்.

“அடியாலை வெட்டினால் சுகமெல்லே அக்கா?” என்றேன். ஏலத்தில் கத்தியதில் கட்டிய குரல் இன்னும் பாதிதான் திரும்பியிருந்தது.

“ஏன் தம்பி, அடியிலை என்ன கிடக்கு?”

மனைவி இருவரையும் பார்த்தாள். பொத்தான், எலி, பச்சைச் சாறிச் சட்டை, முதல் வரிசை, நேர்த்தி எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் வரும்.

“ஒண்டுமில்லை அக்கா.”

“அப்ப மேலாலை வெட்டுவம். பாரம் கிடந்தால்தான் நேரா நிக்கும்.” வெட்டினா. வழுக்கிக்கொண்டுதான் போனது அந்தக் கத்திரிக்கோல். மனைவி தேநீர் போட உள்ளே போனதும், துணியிலிருந்து கண் எடுக்காமல், “பேயன் எண்டு சொன்னதைக் குறை நினையாதேங்கோ தம்பி,” என்றா.

நான் ஊசிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். கேட்காமலே.

ஒரு வியாழக்கிழமை மனைவி வேலைக்குப் போயிருந்தபோது குண்டூசியால் நாலாவது மேட்டில் இரண்டு தையலைக் கிளப்பிப் பார்த்தேன். அன்று பின்னேரமே, சாமித் திரையில் நூல் விட்டிருக்கிறது, கூடாத சகுனம் என்று அவள் தையல் அக்காவைக் கூப்பிட்டாள். அவ வந்து அந்த இடத்தில் நாலு வரி தைத்துவிட்டுப் போனா. தோல் பை தைக்கும் நூல். அதன் பிறகு நான் ஊசியோடு கிட்டப் போனதில்லை. ரயில் பாலத்து ஏலத்துக்குப் போவதும் அந்த வருடத்தோடு நின்றது.

இப்போது வீடு மாறி மனோர் பார்க்கில் இருக்கிறோம். திரையும் எங்களோடு வந்தது. வேலைக்குப் புறப்படுமுன் அதன் முன்னால் நின்று, அடிக்கரையைப் பிடித்து நடுவில் இருப்பதை விரலால் தடவுவேன். பட்டுக்கு மேலால் மாட்டின் முதுகு தட்டுப்படும். எழுத்துத் தட்டுப்படாது, அது அந்த நாலு வரித் தையலுக்குக் கீழேயோ என்னவோ. மனைவி தொலைபேசியில் தங்கைக்குச் சொல்வது குசினியிலிருந்து கேட்கும்: “முந்தி வாசலோடை நிக்கிற மனுசன். இப்ப திரையைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தாமல் வெளிக்கிடமாட்டார்.”

ஒத்துகிறேன்தான். அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறென்ன செய்வது?